வகிட்டுக் குங்குமம்

விசாரணைக்கு வரவேண்டிய ரெவின்யூ இன்ஸ்பெக்டர், தாசில்தார் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டார் என்று போன் வந்தபோது, வனஜா ஸ்டூல் மேல் ஏறி நின்று ஏசுவை இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா ஞானகுமாரி படத்தை வாங்கி, கண்ணாடியில் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தாள். ஒளித்துவைக்கப் போகிற படத்துக்கு எதற்குத் தூசி துடைப்பது என்று வனஜாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. படம் அரிசி டிரம்முக்குப் பின்னால் போயிற்று. பைபிளும் புத்தாண்டு ஆராதனையில் கொடுத்த, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையும் பீரோவில் துணிகளுக்கு அடியில் போயின. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கொடுத்த முருகர் படத்தை மாட்டினார்கள். முருகர் கொஞ்சம் சின்னவர். அவரைச் சுற்றி ஏசுவின் அளவு தெரியத்தான் தெரிந்தது.

இதெல்லாம் எதற்கென்றால், பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய அந்த வார்டு இந்த முறை எஸ்.சி. பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு வந்த அன்று கட்சிக்காரர்கள் பலருக்குத் திடீரென்று மனைவி ஞாபகம் வந்தது. ஆனாலும் வருடக்கணக்கில் கொடி கட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, ஒருநாளும் மேடையில் நாற்காலி கிடைக்காத வனஜாவைத் தாண்டி யாருக்கும் சீட்டைக் கொடுக்க முடியவில்லை. மழை பெய்தால் ஏரித் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து அடுப்படிவரை வந்துவிடும் தெரு அது. பாதாளச் சாக்கடை கொண்டுவருவேன் என்று அவள் சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். அவள் வீட்டு அடுப்படியிலும் அதே தண்ணீர்தானே நின்றது.

சிக்கல் ஒன்றுதான். சட்டப்படி எஸ்.சி. என்றால் இந்துவாகவோ சீக்கியராகவோ பௌத்தராகவோ இருக்க வேண்டும். ஏசுவைக் கும்பிட்டால் அந்த உரிமை போய்விடும். ஊர் கூப்பிடுகிற சாதிப்பெயர் மட்டும் போகாது. இது தெரிந்துதான் அப்பா பிரகாசம், ஞானஸ்நானத்தில் ஸ்வீட்லின் என்று பெயர் வைத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வனஜா, இந்து என்று சேர்த்துவிட்டார். பிரகாசம், ஞானகுமாரி இரண்டும் எந்தப் பக்கமும் போய்வரக்கூடிய பெயர்கள் என்பதால் பெரியவர்களுக்குத் தொந்தரவில்லை. காலனியில் பாதிப்பேர் கதை இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், மற்ற நாளில் ஒரு பெயர். தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் உத்தமனைக் கட்டிக்கொண்ட பிறகு வனஜா மாமியார் வீட்டு அம்மனுக்குப் பொங்கலும் வைத்தாள், கிறிஸ்துமஸுக்கு அம்மாவோடு சர்ச்சுக்கும் போனாள். இரண்டு பக்கமும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்த்து நின்ற ரேணுகாவின் ஆட்கள் இவள் கிறிஸ்தவள் என்று மனு கொடுக்கும்வரை எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது.

"உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாரும்மா. நீ சும்மா குந்திகினு இரு, போதும்."

"கேட்டா?"

"கேக்க மாட்டாருன்றேன்."

வனஜா கண்ணாடி முன்னால் நின்று தனக்குப் பொட்டு வைத்து, வகிட்டில் குங்குமம் இழுத்தாள். கை போன போக்கில் அம்மாவையும் திருப்பி நிறுத்தி நெற்றியில் ஒன்று, வகிட்டில் ஒன்று. அம்மா ஊசி போடும்போது மூடுவதுபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாலை போட்டு மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவுக்கும் ஒரு சந்தனப் பொட்டு ஆயிற்று. உயிரோடு இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பார். இல்லை, பள்ளிக்கூடத்தில் தான் செய்ததை நினைத்துப் பேசாமல் இருந்திருப்பாரோ என்னவோ.

ஆர்.ஐ. குணசேகரன் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செருப்பை வாசலில் விட்டார். கொடுத்த தண்ணீரைத் தயங்காமல் குடித்தார். சாதிச் சான்றிதழைப் பார்த்தார், முருகரைப் பார்த்தார், உத்தமன் எங்கே வேலை என்று விசாரித்தார். எழுந்துவிடுவார் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து பூங்காவனம் வாசலில் வந்து நின்று, தன் வகிட்டைத் தொட்டுத்தொட்டு வனஜாவுக்கு எதையோ ஜாடை காட்டினாள். வனஜாவுக்கு விளங்கவில்லை. ஆர்.ஐ. திரும்பினார். முதலில் பூங்காவனத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தலையை. பிறகு மாலை போட்ட அப்பாவை.

வனஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷன் போன பிறகும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது உண்டு. வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு தாலியறுத்தவளும் உட்கார மாட்டாள். அந்த வழக்கம் தெரியாத வீட்டில் வளர்ந்தவள் கைதான் இப்படி அள்ளி அப்பும். தன் கையாலேயே எழுதிக் காட்டிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

ஆர்.ஐ. மறுபடி உட்கார்ந்தார். செல்போனில் எதையோ தேடி, அம்மாவிடம் நீட்டினார். வெள்ளை அங்கியில் பாஸ்டர் ரூபஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாஸ்டர் அடிக்கடி உங்க வீட்டுக்கு வந்து ஜெபம் பண்றதா மனுவுல எழுதியிருக்காங்க. இவரத் தெரியுமாம்மா உங்களுக்கு?"

போன வருடம் அம்மா மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் பஸ் பிடித்து வந்து தலைமாட்டில் நின்றவர் அவர். அப்பாவைக் குழியில் இறக்கியபோது முதல் பிடி மண் போட்டவரும் அவர்தான். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என வனஜா வாயெடுத்தாள். அதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"அந்த மனுசன எனக்குத் தெரியாதுப்பா."

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று வனஜாவுக்குத் தெரியும். ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும், கூடவே இருந்த சீஷன் பயந்துபோய்த் தன் ஆண்டவரையே தெரியாது என்று சொல்லுமிடத்தை வாசிக்கும்போது அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். இப்போது அவள் அழவில்லை. ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். செருப்பை மாட்டும்போது வனஜாவிடம் மட்டும், "பெரியவங்கள இதுல இழுக்காம இருந்திருக்கலாம்மா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அன்று முகம் கழுவிக்கொண்டு வந்த அம்மா, "வனஜா, சாப்ட வா" என்றாள். வீட்டுக்குள் அம்மா அவளை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. வெளியாட்கள் முன்னால் வாய் தவறிவிடாமல் இருக்க ஒத்திகை பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நாளும் வனஜா, அதற்கடுத்த நாளும் வனஜா. ஸ்வீட்லின் என்ற பெயரும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது.

மனு தள்ளுபடி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரசார ஆட்டோவில் நின்று கும்பிட்டபடி போய்க்கொண்டிருந்தபோது ரூபஸ் போன் செய்தார்.

"திருவிருந்துக்கு அம்மா வரலியே ஸ்வீட்லின், உடம்பு கிடம்பு சரியில்லியா? சாயங்காலம் வந்து பாக்கட்டுமா?"

"வேணாங்கய்யா. லேசா ஜொரம், அவ்ளோதான்."

"சரிம்மா. உனக்காகத்தான் சபையில ஜெபிச்சுக்கினு இருக்கோம்."

அவள் போனை வைத்துவிட்டு மறுபடி கையைக் கூப்பினாள். யாரைக் கும்பிடுகிறோம் என்றே அந்தத் தெரு முழுக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயித்தாள். உத்தமன் பட்டாசு வெடித்து, தெருவில் ஆடி, சட்டையைக் கிழித்துக்கொண்டான். மாலையெல்லாம் கழற்றிப் போட்ட பிறகு, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எலெக்ஷன்தான் முட்ஞ்சிச்சே. சர்ச்சுக்குப் போயேம்மா."

"கோர்ட்ல கேஸு போட்டா? அஞ்சு வருசம் கீது."

"போட்டா பாத்துக்கலாம்."

அம்மா ஒரு கட்டுக் கீரையை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "அதுக்கோசரம் இல்ல. திருவிருந்துல பாஸ்டர் ஐயா அப்பத்தப் புட்டு கையில குடுப்பாரு. இன்னா மூஞ்ச வெச்சிகினு வாங்குறது?"

"நானாம்மா உன்ன அப்டி சொல்லச் சொன்னேன்?"

"நீ சொல்லல, வனஜா."

அதில் கோபமோ குத்தலோ இல்லை. இருந்தால் காலில் விழுந்து அழுதிருக்கலாம். வனஜா சட்டத்தைத் திட்டிப் பார்த்தாள். திட்டப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் ஸ்டூல் மேல் ஏறியது சட்டம் இல்லை. மனு கொடுத்தவர்களையும் திட்டிப் பார்த்தாள், அதிலும் ஆறவில்லை. தெருவுக்குச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உத்தமன் தேற்றினான். அவன் சொன்னால் அவளுக்கு நம்ப ஆசையாகத்தான் இருந்தது.

பதவியேற்பு அன்று மாநகராட்சி மன்றத்தில் நிற்க இடமில்லை. கையில் கொடுத்த தாளில் உறுதிமொழி இரண்டு விதமாக அச்சாகியிருந்தது. "கடவுள் பெயரால் ஆணையிட்டு" என்றும் சொல்லலாம், "உளமார உறுதி" என்றும் சொல்லலாம். எல்லோரும் உளமாரத்தான் என்று கட்சியில் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். வனஜாவின் முறை வந்தது. பார்வையாளர் வரிசையில் உத்தமனுக்குப் பக்கத்தில் அம்மா, நெற்றியில் பொட்டோடு. யாரும் வைக்கச் சொல்லவில்லை.

"வனஜா எனும் நான்" என்று படிக்கத் தொடங்கினாள். அரசமைப்பின்பால் உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும் என்று போய், அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். எந்தக் கடவுள் என்று அந்தத் தாள் கேட்கவில்லை. தாசில்தார் ஆபீஸ் கேட்டதை இந்தத் தாள் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதையாவது கொடுத்துவிடலாம், அவளுக்குப் புரியும் என்று தோன்றியது. கட்சிச் செயலாளர் நிமிர்ந்து பார்க்கும்படி, "கடவுள் பெயரால்" என்று சத்தமாகச் சொன்னாள்.

அம்மாவுக்குக் கேட்டது. அவள் கை தானாக எழுந்து முந்தானையைத் தலைமேல் இழுத்தது. ஜெபம் என்றால் முக்காடு போட்டுத் தலை குனிவது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். முந்தானை பாதித் தலைவரை வந்தது. அங்கே யாரோ தட்டியதுபோல் கை நின்றது. அம்மா இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். முந்தானையை மெல்ல இறக்கி, வியர்வை துடைக்கத்தான் எடுத்தவள்போல் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஆணையிட்டு... மேல படிங்கம்மா" என்று ஆணையர் அடிக்குரலில் எடுத்துக்கொடுத்தார். மன்றத்தில் ஏசி குளிர் எடுக்கும்படி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.