தனி ஆளுக்குத் தலையணை உறை

எண்பத்து மூன்று நாட்களாக அவள் அந்த அக்காவோடுதான் விரிப்பு மடிக்கிறாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மொத்தம் பதின்மூன்று பெண்கள். விரிப்புக்கு நாலு முனை, நாலு கை வேண்டும். மணி அடித்ததும் ஜோடி சேர்ந்துவிடுவார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை. நேற்று யாரோடோ, இன்றும் அவரோடு. சேர்ந்து மடித்தவர்கள் சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து பஸ் ஏறினார்கள். இப்படியே ஜன்னலோரம் பதினோரு பேர் ஒரே குடும்பமாகிப் போனார்கள். உலர்த்தும் மெஷின் பக்கம் இவர்கள் இருவர். பதினொன்றில் ஒன்று மிஞ்சுமே, அந்த ஆள் முறைவைத்துத் தனியாகத் தலையணை உறை மடிப்பாள். பேச்சுத் துணை இல்லாத வேலை.

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரத்துக்காரி ஒருத்தி வந்தாள். வாய் அப்படி, அதனால் கத்திரி என்று பெயர்.

"ஏன்டி, அந்த ஊமைக்கோட்டானோட எத்தனை நாள் குப்பை கொட்டுவ? நாளைக்கு எங்க பக்கம் வந்துடு. நாங்க பன்னிரண்டு ஆயிடுவோம், கணக்கு நேராயிடும்."

அவளுக்கு உள்ளூர இனித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தை எண்பத்து மூன்று நாளும் தூரத்திலிருந்தே கேட்டவள். ஆனால் அப்புறம் அக்காவுக்குக் காலம் பூரா தலையணை உறைதான்.

நினைத்து நினைத்து ஒரு நியாயம் கண்டுபிடித்தாள். முதல் நாள் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் தாமதமாக உள்ளே வந்தபோது, இந்த அக்கா மட்டும்தான் வெறுங்கையோடு நின்றாள். மிச்சமும் மிச்சமும் சேர்ந்தது. அதில் என்ன பந்தம்?

மத்தியானம், முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வரும்போது மெல்லச் சொன்னாள்.

"அக்கா, நாளையிலிருந்து நான் அந்தப் பக்கம் போகட்டுமா? நாம ரெண்டு பேரும் ஏதோ மிஞ்சிப் போய்ச் சேர்ந்தவங்கதானே."

அக்கா அவள் கையிலிருந்த முனைகளை வாங்கி, தன் முனைகளோடு சேர்த்து நீவினாள்.

"போயேன். நல்லா பேசுவாளுங்க."

அடுத்த விரிப்பை உதறினாள். இவள் தன் பக்கத்து முனைகளைப் பிடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஆனா நான் மிஞ்சலை பொண்ணே. நீ வர்றதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் கத்திரிதான் என் ஜோடி. அன்னைக்கு நீ வாசல்ல முழிச்சிக்கிட்டு நின்னே. விரிப்பைப் பாதியில வச்சிட்டு வந்துட்டேன். அன்னைக்குத் தலையணை உறை மடிச்சது அவதான்."