கரையை நீக்கவும்

அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில் மாட்டியிருந்த பாலத்துப் படத்திலிருந்து நாள்தோறும் காலை பதினோரு மணிக்கு ஒரு வாளித் தண்ணீர் கசியும். மழைக்காலத்தில் ஒன்றரை வாளி. முதல் வருடம் கூரையைப் பிரித்துப் பார்த்தார்கள், இரண்டாம் வருடம் குழாய்களை மாற்றினார்கள், மூன்றாம் வருடம் தரை துடைக்கிறவளிடம் கூடுதலாக ஒரு மாப்பைக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். படம் என்னவோ சாதுவான படம்தான். நகரத்து ஆறு, அதன் குறுக்கே ஐந்து கண் பாலம், காலை வெயில். ஆனால் வரைந்தவருக்கு நீரை நீலமாகத் தீட்டும் எண்ணமே இருந்ததில்லை போலும். ரோஜாவும் மஞ்சளும் ஊதாவுமாக இழுத்துவிட்டிருந்தார். மாப்பைப் பிழிந்தால் வாளியில் அந்த நிறங்கள்தான் இறங்கும். அதைப் பின்புறம் கொட்டினால், வானம் மூடியிருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் மாலைவரை வெயில் கிடக்கும்.

அவள் அந்த வேலைக்கு வந்ததே படத்தால்தான். அவள் கணவன் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தான். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, படத்துக்கு மேலிருந்த பல்பை மாற்ற ஏணியில் ஏறியவன் இறங்கவில்லை. ஏணி இருந்தது, செருப்பு இருந்தது, ஆளைக் காணோம். யாரோடோ ஓடிவிட்டான் என்று ஊர் வாயில் போட்டு மென்றது; அலுவலகம் 'தகவலின்றி விடுப்பு' என்று எழுதிவைத்தது. இறந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டால் நிரந்தர வேலை என்றார்கள். அவள் முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். தற்காலிக வேலைதான் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே பாலத்தின் தொலைவு முனையில், முன்பு இல்லாத ஒரு பழுப்புத் தீற்றலைக் கண்டாள். அதன் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. கருவிப் பையின் பாரத்தில் அப்படிச் சாய்ந்து நடக்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். தீற்றல் வருடத்துக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கமாக நகர்ந்தது. அவள் தரையைத் துடைத்தபடியே அதனிடம் வீட்டு நடப்பையெல்லாம் சொல்வாள்: தாழ்ப்பாள் ஆடுகிறது, உங்கள் தங்கைக்கு இரட்டைப் பிள்ளை, மின்விசிறி கடகடவென்கிறது, வேறு யாரையும் தொடவிடவில்லை. அவன் கழுத்து வியர்வையின் வாசனைக்கு ஏங்கிக் கிடப்பதை மட்டும் யாருமில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வாள். பதினோராம் வருடம், கரைக்கு இன்னும் மூன்றே விரற்கடை.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, கையில் ஒரு பழைய புகைப்படத்தோடு படத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பாலத்தின்மேல் கறை படிந்திருக்கிறது, ஆள் வைத்து நீக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உத்தரவை எழுதவேண்டியவர் தலைமை எழுத்தர். முப்பது வருடம் பேனா பிடித்தவர். ஆனால் சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அறைக் கதவைப் பூட்டவும் என்பதை 'அரைக் கதவைப் பூட்டவும்' என்று அவர் எழுத, இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன காவலாளி உண்டு. அவள் ஈரக் கையோடு அவர் மேசைக்கு ஓடினாள்.

"சார், அது கறை இல்ல. என் வீட்டுக்காரர்."

"எனக்குத் தெரியாதாம்மா? என் மேச லைட்ட எத்தன தடவ சரி பண்ணிக் குடுத்திருக்கான். ஆனா மேலேருந்து சொல்லிட்டாங்க, எழுதாம இருக்க முடியுமா?"

"எழுதுங்க. கொஞ்சம் பார்த்து எழுதுங்க."

பார்த்துத்தான் எழுதினார். 'பாலத்தையொட்டிய கரையை முழுவதுமாக நீக்கவும்.' தெரிந்து எழுதினாரா, கைப்பழக்கத்தில் எழுதினாரா என்று இன்றுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஓவியம் பழுதுபார்க்க வெளியூரிலிருந்து வந்த அம்மாள் தாளில் உள்ளதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். மூன்று நாள் பஞ்சும் மருந்துமாக உட்கார்ந்து படித்துறையைத் துடைத்தார், கட்டிக் கிடந்த படகைத் துடைத்தார், இரண்டு மரங்களையும் கரைச்சுவரையும் துடைத்தெடுத்தார். தீற்றலைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லாததால் அதைத் தொடவில்லை. அவன் தப்பித்துவிட்டான் என்று அவளுக்கு முதலில் உயிர் வந்தது. பிறகுதான் உறைத்தது. இத்தனை வருடம் நடந்து வந்தவன் இனி எங்கே இறங்குவான்? வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

நான்காம் நாள் பதினோரு மணிக்கு, தடுக்கக் கரை இல்லாததால், ஆறு அறைக்குள் வந்தது. கணுக்கால் ஆழம்தான். பார்வையாளர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். ஊன்ற இடமில்லாத பாலமும் நீண்டு வந்து அறையின் தரையில் ஊன்றிக்கொண்டது. அதன்மேல் அவன் நடந்து வந்தான், இடப்பக்கம் சாய்ந்தபடி, வெறுங்காலோடு. அவள் மாப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். கிட்டே போனதும் அவனைக் காணோம். பழுப்பில் நாலு தீற்றல், ஊதாவில் இரண்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொஞ்சம் மஞ்சள். பதறிப் பின்வாங்கினாள். சரியாக ஆறு தப்படி தள்ளி வந்ததும் தீற்றல்கள் கூடி அவனாகிச் சிரித்தன.

"எங்க போனீங்க இவ்வளவு நாளா?"

"அந்தத் தண்ணிக்கு வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பார்க்கப் போனேன்."

"பார்த்தீங்களா?"

"இல்ல. நீ கொஞ்சம் இளைச்சுட்ட."

இப்போது அவர்கள் ரயில்பெட்டி போன்ற நீள வீடு ஒன்றில் குடியிருக்கிறார்கள். இந்த முனையில் அவள் சாப்பிடுவாள், அந்த முனையில் அவன். பேச்சு நடுவில் தாராளமாகப் போய்வரும். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள். தாங்க முடியாமல் போகிற நாட்களில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆறு தப்படியையும் நடந்துபோய்க் கையை நீட்டுவாள். ஈரமும் இளவெயிலும் படும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு எண்ணி ஆறு தப்படி பின்னால் வந்து கண்ணைத் திறந்து, முகம் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.