கம்பெனிப் பஞ்சு

தட தடவென்று கதவு அதிர்ந்தது. அருள்தாஸ் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் ஆடி, லுங்கியில் ஒரு பொட்டு ஈயம் விழுந்து தொடையைச் சுட்டது.

“மாமே! உள்ள கீறியா, இல்ல அந்தப் பொட்டிக்குள்ளயே குடி பூந்துட்டியா?”

சம்பத்தின் குரல். இருவருக்கும் ஒரே கம்பெனி. அருள்தாஸ் பிரஸ் ஷாப், சம்பத் ஸ்டோர்ஸ். ஜெயசீலி போய்க் கதவைத் திறந்தாள். வாசலில், ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிப் போக மீன்பாடி வண்டி தயாராக நின்றது.

“ஏத்தலாமா? ஃபாதர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு. ஆமா, கோயிலுக்கே சவுண்டு போடற ஆளு, சொந்த ஊட்டு பெல்லை ரிப்பேர் பண்ண மாட்டியா?”

பெல் பொத்தானுக்கு மேலே மகள் சாராள் எழுதி ஒட்டியிருந்த அட்டையைச் சம்பத் தட்டிக் காட்டினான். ‘பெல் வேலை செய்யாது. கதவைத் தட்டவும்.’

“தீபாவளிலருந்து மக்கர் மச்சான். ரெண்டு வாட்டி பேட்டரி மாத்திட்டேன். கீச்சு கீச்சுனு கத்திகினு இருந்த குருவி பெல்லு, செத்தே போச்சு. அத்த உடு. எனக்கு அரை மணி நேரம் குடு. ட்வீட்டர் இன்னும் வாயத் தொறக்கல.”

மூன்று வாரமாக ஆகாதது அரை மணியில் எப்படி ஆகும் என்று அவனுக்கே தெரியவில்லை.

போன வருஷத் திருவிழாவில் வாடகைக்கு எடுத்த குழாய் ஸ்பீக்கர் பாதிப் பூசையில் கரகரத்து, பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்புறம் நடந்த கோயில் கூட்டத்தில் அருள்தாஸ் எழுந்து நின்றான். “தொண்ணூத்தி மூணாம் வருசத் திருவிழாவுக்கு நம்ம சேக்காட்டுக் கோயில்ல நான் செஞ்ச ஸ்பீக்கர்தான் பாடும். என் காத நம்புங்க” என்று நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். தகட்டில் விழும் அடியைக் கேட்டே, அதை வெட்டும் அச்சில், அதாவது டையில், விரிசல் என்று சொல்லி மிஷினை நிறுத்தியவன். எஞ்சினீயர்கள் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “தாஸ், கேளுய்யா” என்பார்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்குத் திருவிழாப் பூசை. பதிலுரைப் பாடலைச் சாராள் தனியாகப் பாடுகிறாள். இந்தப் பெட்டிகளில்தான் பாடியாக வேண்டும்.

பெட்டிகள் கச்சிதமாக வந்திருந்தன. பாடாய்ப் படுத்தியது கிராஸ்ஓவர்தான். உள்ளே வரும் பாட்டில் கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், கீச்சு சத்தத்தைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற பலகை அது. பிவிசி பைப் துண்டில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில், ரிச்சி தெருவில் பொறுக்கி வந்த கெப்பாசிட்டர், ட்வீட்டர் மிஞ்சிக் கத்தாமல் அடக்கி வைக்க ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். கணக்கெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எத்தனை சுற்று, எத்தனை ஓம் என்று கடைசியில் முடிவு செய்வது காது.

போன கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் குழுவைப் பதிவு செய்த கேசட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டான். அதில் தம்பூரின் வரும். ஓரத்துத் தகடுகள் ‘சல்’லென்று தெறிக்க வேண்டும். அந்தச் சல் அவனுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஸ்பீக்கரிலோ தோலைத் தட்டுகிற கை மட்டும் கேட்டது. தொப். தொப்.

எட்டு ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி, அடக்கம் குறைய நாலு போட்டான். தொப். இரண்டு போட்டான். தொப். பெட்டியின் பின்பக்கம் வழியாகவே கெப்பாசிட்டரையும் மாற்றினான். காயிலில் பத்துச் சுற்றுக் கழற்றிவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி சுற்றினான்.

“நல்லாத்தான் கீதுங்க. அப்படியே உட்ருங்க” என்று ஜெயசீலி தினமும் சொன்னாள்.

“கொழம்புல உப்பு கீதான்னு கேட்டா சொல்லு. இதுல உனக்கு இன்னா தெரியும்?”

இப்போது ரெசிஸ்டரையே தூக்கிக் கடாசிவிட்டு, அந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்துப் பற்றவைத்தான். கேசட்டைப் போட்டான். தொப்.

“கையாலாகாதவனா பூட்டேன் சம்பத்து” என்று முனகிக்கொண்டே, முன்பக்கத்துத் துணிச் சட்டத்தைப் பிடித்து இழுத்தான். சட்டத்தோடு ஏதோ வெள்ளையாக வந்து மடியில் விழுந்தது.

பஞ்சு.

ட்வீட்டரின் மேல் பஞ்சு மெத்தை போல ஒட்டியிருந்தது. உரித்தான். அடியில் இன்னொரு அடுக்கு. அதற்கும் அடியில் இன்னொன்று. அடுத்த பெட்டியிலும் அப்படியே. ஒன்றின் ஓரத்தில் நீலக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும் அவனுக்கு. காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனி மாதாமாதம் தருகிற பஞ்சுச் சுருள். அவன் ஒருநாளும் வைத்ததில்லை. காதை அடைத்துக்கொண்டால் டை பேசுவது எப்படிக் கேட்கும்? வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேலே வீசிவிடுவான்.

“யாரு வேல இது?”

“நான்தாங்க” என்றாள் ஜெயசீலி, தலையை நிமிர்த்தாமல். “நீங்க ஒவ்வொரு வாட்டி மாத்திட்டு ஷிப்ட்டுக்குப் போனதும் ஒரு அடுக்கு வெச்சேன். பக்கத்து ஊட்டு வேம்புலியம்மா, காதுல ஊசி ஏத்தறாப்பல கீதுன்னு அழுவாத கொற.”

“அடிப்பாவி! மூணு வாரமா அத்தோட வாயைக் கட்டிட்டு, என்னையும் பைத்தியமா சுத்த உட்டியே!”

கத்தினானே தவிர, உள்ளுக்குள் அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கிராஸ்ஓவரில் தப்பில்லை. கணக்கில் தப்பில்லை. காரணம் இந்தப் பஞ்சு. “மாமே, இப்பக் கேளு!”

“வேணாங்க…” என்று ஜெயசீலி கை நீட்டுவதற்குள் பட்டனை அழுத்திவிட்டான்.

சம்பத் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “யோவ் தாஸு! நிறுத்துய்யா!” என்று வேம்புலியம்மாள் அலறினாள். உள்ளறையிலிருந்து சாராள் ஓடி வந்தாள்.

அருள்தாஸ் கேட்டான். தொப். தொப். பஞ்சு இருந்தபோது எப்படியோ, அப்படியே. குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுபோனான். விரல் நுனியை ட்வீட்டரில் மெல்ல வைத்தான். துடித்தது. சத்தமே இல்லாமல் துடித்தது.

சம்பத் பாய்ந்து கேசட் டெக்கை நிறுத்தினான்.

“சம்பத்து, நெசத்தச் சொல்லு. அந்தச் சலங்க சத்தம் உனக்குக் கேட்டுச்சா?”

“வெளையாடறியா? மண்டையப் பொளக்குது!”

மேஜையில் எட்டு, நாலு, இரண்டு என்று கழற்றிப் போட்ட ரெசிஸ்டர்கள் கிடந்தன. இவற்றில் எது சரியாக இருந்தது? அவனால் சொல்ல முடியாது. இன்றைக்கு என்றில்லை, இனிமேலும்தான். வாசலில் வண்டி காத்திருந்தது.

“சாராளு… என் காது எத்தினி நாளா இப்படிம்மா?”

அவள் வாசலுக்குப் போனாள். தான் ஒட்டிய அட்டையைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டு, பெல் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திய விரல் நகம் வெளுத்தது அவனுக்குத் தெரிந்தது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வண்டிக்காரன் இருமுவது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் சம்பத்தின் தலை சட்டென்று நிமிர்ந்து, நிலைக்கு மேலே தொங்கிய பெல்லின் பக்கம் திரும்பியது. ஜெயசீலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“பெல்லு கெட்டே போவலப்பா.”