இருபத்துநான்கு வோல்ட்டும் ஒரு பெயர்ப் பலகையும்

என் மனைவி இராசேஸ்வரி ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "கேட்ல உங்க பேரு மட்டும் இருக்கே. என் பேரையும் போட்டா என்ன?" பார்க்கலாம் என்றேன். பார்ப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பலகை எழுத ஆளா இல்லை? அரை நாளில் முடித்துக் கொடுப்பார்கள். மீதி நாளை நான் என்ன செய்வது? அதனால் மரத்தில் எழுத்துச் செதுக்கும் இயந்திரத்தையே கட்டுவதென்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பெர்த்திலிருந்து போன் செய்த மகன், "அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றான். இல்லை என்றுதான் சொன்னேன்.

அவன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஜாலான் பாசார் தெருவில் பழனியப்பனின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார் வாங்கினேன். கம்ப்யூட்டர் ஒரு துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஓர் அடி எடுத்து வைத்துத் துளி திரும்பும். இருநூறு அடிக்கு ஒரு சுற்று. லேபிளில் ஐந்து வோல்ட் என்று இருந்தது. ஐந்தே கொடுத்தேன். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். எழுதியதற்கு மேல் ஒரு வோல்ட் கொடுக்க எனக்குக் கை வராது.

நேர்கோட்டில் ஒழுங்காக ஓடியது. வளைவு வந்தால் சட்டென்று வேகம் கூட்ட முடியாமல் திணறி அடியைத் தவறவிட்டது. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான்கு பலகை பாழ். நான்காவதில் அவள் பெயர் பாதியில் கோணிக் கிடந்ததைப் பார்த்துச் சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். பிறகு அழுதேன். பார்க்க யாருமில்லை, அதனால் வெட்கமும் இல்லை.

மறுநாள் பழனியப்பனிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"மோட்டார் சூடாகுதா அங்கிள்?" என்றார் அவர்.

"இல்லையே. ஜில்லுனு இருக்கு."

"அப்ப அது வேலையே செய்யல லா. வேகமா ஓடறப்ப அஞ்சு வோல்ட்ல கரண்ட் உள்ள ஏற டைம் பத்தாது. இருபத்துநாலு குடுங்க."

"கருகிப் போயிடும்பா!"

"நடுவுல இந்தக் கார்டைப் போடுங்க. லேபிள்ல உள்ள ஆம்பியருக்கு மேல கரண்ட்டைப் போக விடாது. கொஞ்சம் சூடாகும், பயப்படாதீங்க."

புதிய பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இராசேஸ்வரிக்கும் நான் லேபிள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. சம்பளம் முழுசாக, பேச்சு அளவாக. பாவி நான்.

ஐந்தாவது பலகையில் பெயர் முழுசாக வந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் என் கையில் பட்ட சூடு அது. கையை எடுக்க மனம் வரவில்லை.

கேட்டில் மாட்டினேன். மேலே இராசேஸ்வரி, கீழே நான், யோகநாதன்.

இன்று, புதன்கிழமை காலையில், கிள்ளானிலிருந்து சேலை விற்க மூட்டையோடு ஒரு பெண் வந்தாள். இந்தத் தெருவுக்குப் புதியவள். பலகையைப் படித்துவிட்டு, "இராசேஸ்வரி அக்கா இருக்காங்களா அங்கிள்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கோயிலுக்குப் போயிருக்கா" என்று வந்தது.

"அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"கத்திரிப்பூ கலர்."

"சனிக்கிழமை கொண்டு வரேன். அக்காவை இருக்கச் சொல்லுங்க."

சனிக்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சேலையையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை இராசேஸ்வரி கோயிலில் இருக்கிறாள்.