தர்பூசணி உருண்ட வீடு

தர்பூசணியைத் தரையில் வைத்தவன் நான்தான். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தாலும் பார்த்த சாட்சிகள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கெய்ரோவிலிருந்து வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, மனைவியின் தாய். வெயிலில் வருகிறவர்களுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடுத்தால் விலை பேசும்போது மனம் இளகும் என்று வீடு விற்கும் எங்கள் குழுவில் அடிக்கடி உபதேசம் செய்பவன் நான். சந்துமுனைக் கடையில் நல்ல கனமான பழமாகப் பார்த்து வாங்கி, ஒன்பதாம் மாடி வரைக்கும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஏறினேன். லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் பழத்தைத் தரையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க, "கடல் காத்து எப்படி அள்ளுது பாருங்க" என்று ஜன்னலைக் காட்டினேன்.

யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. தர்பூசணி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு யாரும் தொடாமலே கிளம்பியது. மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடித்து, கூடத்தை முழுதாகக் கடந்து, பால்கனிக் கதவில் போய் டொம்மென்று முட்டி நின்றது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பழத்துக்கு ஏற்கெனவே இந்த வீடு பழக்கம் போலிருக்கு."

அவ்வளவுதான். சுவரில் கை படாமல், ஒருவர் பின்னால் ஒருவராக, மூவரும் படியிறங்கிப் போனார்கள்.

பழத்தை வீணாக்குவானேன் என்று அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கும் என் மகள் ரீஹாமிடம் கொண்டு போனேன். ஏழு மாத வயிற்றோடு கதவைத் திறந்தாள். நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பழத்தை இறக்கக் குனிந்தேன்.

"அப்பா, தரையில வைக்காதீங்க" என்று சொல்லி, பழத்தை வாங்கித் துணி துவைக்கும் தொட்டிக்குள் வைத்தாள். மிகச் சாதாரணமாக, தினமும் செய்கிற வேலை போல.

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கீழே தெருவுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஏன் தரையில் வைக்கக் கூடாது?

எங்கள் குழு வியாழன்தோறும் டிராம் பாதையோரத்துக் காபிக்கடையில் கூடும். மனை, வீடு என்று பணம் போட்டவர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லி, தைரியம் கொடுத்துக்கொள்ளும் இடம். அலெக்ஸாந்திரியாவில் இப்படிக் குழு இல்லாத காபிக்கடை கிடையாது. எங்கள் குழுவுக்குத் தலைவர் ஹாஜி ரஷ்வான். கொத்தனாராக இருந்து கான்ட்ராக்டராக வளர்ந்தவர்; நான் சொல்லும் கட்டடத்தை எழுப்பியவர். தைரியம் கொடுக்கும் இலாகா லுத்ஃபியுடையது. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்றாவது, மேடம் நபவியா. மீன் மொத்த வியாபாரியின் விதவை. அதே கட்டடத்தில் மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரி. அவள் நாக்கு, கணவர் விட்டுப்போன மீன் வெட்டும் கத்திகளை எல்லாம் விடக் கூர்மையானது. நான் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்ததை எல்லாம் அந்தக் கட்டடத்தில் போட்டேன். அதற்குக் கிடைத்த வீட்டை ரீஹாமின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்து, அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அந்த வியாழக்கிழமை எனக்கு முன்னாலேயே செய்தி காபிக்கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டாருய்யா, தர்பூசணி பாஷா!" என்றார் ரஷ்வான். எழுந்து கைகூடக் கொடுக்கவில்லை. "கெய்ரோக்காரன் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பத்து பேருக்குப் போன் போட்டுட்டான். என் புரோக்கர் என்கிட்டயே கேக்கறான், உங்க பில்டிங்ல பழம் நடக்குதாமேன்னு."

"அடுத்த தடவ ஒரு கால்பந்தையே எடுத்துட்டுப் போ, ஷவ்கி" என்றாள் நபவியா, சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி. "கோலாவது விழும்."

"திராட்சை வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல அண்ணே" என்று லுத்ஃபி அன்போடு சொன்னான். "திராட்சை உருண்டா யாரு கவனிக்கப் போறா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் தேநீர் வரவில்லை. எனக்கென்று யாரும் சொல்லியிருக்கவே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

"அது மட்டும்னா பரவாயில்ல" என்றார் ரஷ்வான். "அரஃபா ஓடிட்டான்."

இந்த ஊரில் அனுமதிக்கு மேல் மாடி ஏற்றுகிற எவனும் கட்டடத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதில்லை. பெயருக்கு ஒரு சொந்தக்காரனைப் பிடிப்பார்கள். அதிகாரிகள் வந்தாலும் சரி, அதைவிட மோசமாக ஏதாவது நடந்தாலும் சரி, ஜெயிலுக்குப் போவது அவன். அதற்காக மாதாமாதம் அவனுக்கு ஒரு தொகை. நாலு மாடிக்கு அனுமதி வாங்கிப் பதினொரு மாடி எழுப்பிய எங்கள் கட்டடத்துக்கு அரஃபா அப்படி ஒரு உரிமையாளர். சந்தில் பழைய டயர் விற்பவன். தர்பூசணி கதையைக் கேட்ட அன்றே கடையை மூடிவிட்டு, கஃபர் அத்தவ்வாரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டானாம்.

நிஜமாகச் சொந்தக்காரர்களான நாங்கள் ஹுக்கா பிடித்துக்கொண்டிருக்கிறோம். பெயருக்குச் சொந்தக்காரன் ஊரைவிட்டே ஓடியிருக்கிறான். ஜெயிலுக்குப் போக வேண்டியவன் அவன் ஒருவன்தான். கட்டடத்தைக் கண்ணைத் திறந்து பார்த்தவனும் அவன் ஒருவன்தானோ?

"ஹாஜி" என்றேன், "ஒண்ணு கேக்கறேன். கட்டடம் சாயுதா?"

"இந்த ஊர்ல எதுய்யா சாயல? உன் தொப்பி சாஞ்சிருக்கு. அதோ அந்தப் பையன் கையில இருக்கற தட்டு சாஞ்சிருக்கு. தரைய மட்டம் பண்ணிடலாம். தாழ்ந்த பக்கம் கொஞ்சம் மணல் போட்டு மேல டைல்ஸ் ஒட்டினா, தர்பூசணி என்ன, கோலிகுண்டு கூட அசையாது."

"தரையக் கேக்கல. கட்டடத்தக் கேக்கறேன்."

லுத்ஃபி முன்னால் சாய்ந்து என் தோளைத் தட்டினான். "அண்ணே, முப்பது வருஷம் பாடம் நடத்தினவன் சொல்றேன். பூமியே சாஞ்சுதான் சுத்துது. இன்னிக்கு வரைக்கும் விழுந்துச்சா?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை யாருடையதாக இருந்தாலும் மதிப்பவன் நான். அது என் வியாதி.

சிரிப்பு அடங்கியதும் ரஷ்வான் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தார். மேலே ஒரு பேனா. "அரஃபா இடத்துக்கு ஆள் வேணும். கெடுத்தவன்தான் சரி பண்ணணும். கையெழுத்துப் போடு."

"நானா?"

"உங்க பேர்ல பதினொரு மாடி அண்ணே!" என்று லுத்ஃபி உருகினான். "சுங்க ஆபீஸ்ல உங்கள மேய்ச்ச அதிகாரி எவனுக்காவது ஒரு மாடியாச்சும் இருக்கா? பயம்தான் அண்ணே ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம். தைரியமாப் போடுங்க."

போன வருடம் வீடு வாங்க வந்த வேறொரு விதவைக்கு இதே வார்த்தைகளைச் சொல்லி முன்பணம் கொடுக்க வைத்தவனும் இவன்தான். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்.

"ரீஹாம் நாலாவது மாடியில இருக்கா ஹாஜி. இன்னும் ரெண்டு மாசத்துல பிரசவம். அவ தரையில உருளற எதையும் வைக்கறதில்ல. ஏன்னு கேக்கத்தான் வந்தேன். சாயுதா, சாயலயா?"

ரஷ்வான் ஹுக்காக் குழாயைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன் பொண்ணு அங்க இருக்கறதுதான் அந்த பில்டிங்குக்கு பலம். வாங்க வர்றவன்கிட்ட நாம என்ன சொல்றோம்? 'கூட்டாளியோட சொந்தப் பொண்ணே இங்கதான் குடியிருக்கா, வேற என்ன உத்தரவாதம் வேணும்'னு சொல்றோம். அவள நீ வெளிய கொண்டு வந்தா, மறுநாள் எல்லாரும் மூட்டை கட்டுவாங்க. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல உன் நிழல் கூட விழ விடமாட்டேன், ரீஹாம் அப்பா. தெரிஞ்சுக்கோ."

அந்த உத்தரவாத வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேட்கிறீர்களா? நானேதான். இதே மேஜையில், பெருமையோடு. நன்றாக விற்றது. இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் பிள்ளைகளோடு இருக்கிற குடும்பங்களை அந்த வாக்கியம்தான் கொண்டு வந்து சேர்த்தது.

பேனாவைத் தொடவில்லை. நபவியா பக்கம் திரும்பினேன். சந்திக்கும் நேரமெல்லாம் என்னை உரித்து உப்பு தடவுகிறவள். அவளிடம் போய் நின்றது எனக்கே ஆச்சரியம்.

"மேடம், உங்களுக்கு அங்க மூணு வீடு இருக்கு. மூணும் பூட்டியே கிடக்கு. உங்க மகன் பொண்டாட்டி பிள்ளைங்களோட மீன் மார்க்கெட்டுக்கு மேல வாடகைக்கு இருக்கான். ஏன்?"

"அவனுக்கு மீன் வாசம் பிடிக்கும்."

"மேடம்."

"என்ன மேடம்? உனக்குப் பதில் சொல்லணும்னு எனக்கு எவன் சம்பளம் கொடுக்கறான்? பழத்தத் தரையில வைக்கத் தெரியாதவன் எல்லாம் விசாரணைக் கமிஷன் வைக்கறான்."

லுத்ஃபி சிரித்தான். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். விதை வாய்க்குப் போகாமல் விரலிலேயே நின்றது.

"உங்க மகன அங்க படுக்க வைப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க. அப்புறம் என்னைய எப்படி வேணும்னாலும் திட்டுங்க."

"நபவியா" என்றார் ரஷ்வான், மெதுவாக. "நீ வாயத் திறந்தா உன் மூணு வீட்டையும் எவனும் செங்கல் விலைக்குக் கூட வாங்க மாட்டான். யோசிச்சுப் பேசு."

"கணக்கு எனக்குத் தெரியும் ரஷ்வான். எனக்குச் சொல்லித் தராத." கையிலிருந்த விதைகளைக் கையெழுத்துத் தாளின் மேலேயே கொட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கண்ணில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"வைக்க மாட்டேன். அது சாயுது, ஷவ்கி. குளிர்காலத்துல பூட்டின கதவு இப்போ திறக்க மாட்டேங்குது, சட்டமே கோணிப் போச்சு. எத்தன நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாது, இந்தக் கழுதைக்கும் தெரியாது. எழுந்து போ. பொண்ண இப்பவே கூட்டிட்டு வா, சாமான் கிடக்கட்டும். இறங்கும்போது மத்த வீட்டுக் கதவையும் தட்டு."