போகவரப் பாத்தியமுள்ள மேஜை

தொண்ணூற்று மூன்றாம் வருஷத் தீபாவளிக்கு நான் செய்துகொடுத்த சாப்பாட்டு மேஜையைப் பற்றி ராஜபாளையத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். செய்தவன் நான், கூட இருந்து பார்த்தவனும் நான். என்னிடம் கேட்க மட்டும் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

என் பெயர் அப்துல் ஹமீது. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மில்லிலிருந்து வரும் சில காயில்களுக்கு எபாக்ஸி ரெசின் ஊற்றி இறுக வைப்பது உண்டு. ஒரு டப்பாவில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. கலந்தால் சூடேறி மறுநாள் கல்லாகிவிடும். ஊரில் இந்த வித்தை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைப்பதும் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் சமுத்திரம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். மகளுக்குத் தலைதீபாவளி. மெட்ராஸ் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் விழுந்து முழங்காலில் தகடு வைத்திருந்தார். சம்மணம் போட முடியாது. ஸ்டூலில் இலை போட்டால் ஆஸ்பத்திரியில் சாப்பிடுகிற மாதிரி இருக்கும் என்றார். கடையில் விற்கும் மேஜைகள் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூர்வீக வீட்டை இடித்தபோது கழற்றி வந்த தலைவாசல் இரட்டைக் கதவு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது, அசல் தேக்கு, அதில் செய்துகொடு என்றார். அந்த வீட்டை அவரும் தம்பி மாரிசாமியும் பங்கு பிரித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ரெண்டு கதவையும் சேத்து இறுக்கிரு பாய். இனிமே அது தொறக்கவே கூடாது" என்றார்.

அவர் மனதில் இருந்தது மேஜை மட்டும் இல்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆசாரி இருளப்பசாமி கரையான் அரித்த ஓரங்களை அறுத்துத் தள்ளியதும் கதவுகளின் அகலம் குறைந்துவிட்டது. எதிரெதிரே இரண்டு இலை போட இடம் பற்றவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதை ரெசினால் நிரப்பலாம் என்றேன். மரத்துக்கு நடுவே கண்ணாடியா என்று ஆசாரி ஒரு நாள் முழுக்க உளியைத் தொடவில்லை. அடியில் தகரம் கொடுத்து, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்து, வெள்ளையடிக்கிறவர்கள் வாங்கும் நீலப் பொடியில் ஒரு சிட்டிகை கலந்து, நாலு தடவையாக ஊற்றினேன். மழைக்காலம், இறுகவில்லை. மேலே நாலு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டேன். காய்ந்ததும் தேய்த்துப் பார்த்தால், இரண்டு கதவுக்கும் நடுவில் நீலமாக ஒரு ஓடை. ஆசாரியே இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மேஜை அண்ணாச்சி வீட்டுக்குப் போனது. மறுநாளே சேத்தூர் பஸ்ஸில் மாரிசாமி வந்து இறங்கினார். கையில் பாகப்பிரிவினைப் பத்திரம், கூடவே அதை எழுதிய பத்திர எழுத்தர். ‘மேற்படி தலைவாசல் கதவு வழியாக இரு பாகஸ்தரும் என்றென்றைக்கும் போகவரப் பாத்தியம் உண்டு’ என்று அதில் இருந்தது. பன்னிரண்டு வருஷம் அனுபவிக்காவிட்டால் பாத்தியம் போய்விடும், ஏழு ஏற்கனவே போய்விட்டது என்றார் எழுத்தர். வீடே இல்லையே என்று அண்ணாச்சி கத்தினார். பத்திரத்தில் வீடு என்று இல்லை, கதவு என்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வரி செல்லாது என்றால் பத்திரமே செல்லாது, அண்ணாச்சி பங்குக்கு வந்த மகாராஜபுரம் தென்னந்தோப்பையும் திரும்பப் பங்கு போட வேண்டியதுதான் என்றதும் அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

படுத்துவிட்ட கதவுக்குள் எப்படிப் போவது என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது. நியாயப்படி கீழிருந்து மேலே வர வேண்டும். ஆனால் வழியை நான் ரெசின் ஊற்றி அடைத்துவிட்டேன். ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்த என்னை எல்லாரும் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் எழுத்தர், நீலத்தின் மேல் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்தால் அது போவது, திரும்பி நடந்தால் வருவது என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மாரிசாமி வந்தார். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, போய், வந்து, இறங்கிப் போனார். அண்ணனைப் பார்க்கவே மாட்டார். அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் மூன்றாம் நாள் மேஜையோரம் ஏறுவதற்கு ஒரு முக்காலி கிடந்தது. விழுந்து தொலைத்தால் பழி தன் தலையில் விடியும் என்று அண்ணாச்சி என்னிடம் எரிந்து விழுந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ரெசினை ஊற்றியவன் மேல் நடப்பது போலத்தான் எனக்கு இருந்தது.

தீபாவளியன்று, கால்கள் ஆடுகிறதா என்று பார்க்கப் போன என்னையும் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். மாப்பிள்ளை நீட்டிய காலோடு ஒரு பக்கம், எதிரே நான், அந்தத் தலையில் இன்னும் இலை போடாத அண்ணாச்சி. இலையில் சாம்பார் விழுந்த நேரம் மாரிசாமி வந்து நின்றார். கால் கழுவியாகிவிட்டது. எதிரெதிர் இலைகள் நீலத்தை மறைத்துக் கிடந்தன; சோறு விழுந்த இலையைத் தாண்டக் கூடாது. பாத்தியத்தையும் விடக் கூடாது.

நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட மாப்பிள்ளை, படித்த பிள்ளை, லேசாகச் சிரித்தார். இதற்குப் போய் இவ்வளவு சங்கடம் எதற்கு, சின்ன மாமா பாத்தியத்தை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் இனி இந்த வீட்டுப் பக்கமே வர வேண்டியதில்லை, நானே டைப் அடித்துக் கொண்டுவருகிறேன் என்றார்.

மாரிசாமியின் முகம் செத்துப்போனது. அறுபதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அண்ணனைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

அண்ணாச்சி எழுந்தார்.

"மாப்பிள்ளை, அவன் வழிய அடைக்கதுக்கு நீங்க யாரு?"

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் நம் பக்கத்தில் எவனும் அப்படிப் பேசியதில்லை. பேசியதோடு நிற்காமல், பாதி சாப்பிட்ட மாப்பிள்ளையின் இலையை இரண்டு கையாலும் தூக்கி அவர் மடியில் வைத்தார். அண்ணாச்சி என்னை முறைப்பதற்குள் என் இலையை நானே எடுத்துக்கொண்டேன். மகள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"ஏறுலே" என்றார் தம்பியிடம்.

மாரிசாமி ஏறினார். மேஜை அசையவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மெதுவாக நடந்து அந்தத் தலைக்குப் போனார். அண்ணாச்சி கை கொடுத்து இறக்கினார். கொடுத்த கையை விடவில்லை. திரும்பி நடக்க வேண்டிய மாரிசாமி, அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மதினி இருந்த அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"போயாச்சு மதினி. வாரதப் பொறவு பாத்துக்கிடலாம். எனக்கு ஒரு இலை போடுங்க."