ஞாயிறு எந்த வாரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல, என் அக்கா மகளிடமிருந்து சுட்டது. சுடுவதற்கு அனுமதி கேட்டேன். மூன்று நிபந்தனைகளோடு கொடுத்தாள். ஒன்று, அவள் பேர் வரக்கூடாது. இரண்டு, எந்த ஊரில் படித்தாள் என்பது வரக்கூடாது. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேருக்குப் பதிலாக வீட்டில் கூப்பிடுகிற பட்டப்பேரையே வைத்துக்கொள்கிறேன்: கறார். ஏழு வயதில் ஒளிந்து விளையாடும்போது, நூறு எண்ணச் சொன்னால் நூறும் எண்ணிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பாள். மற்ற பிள்ளைகள் முப்பதிலிருந்து எழுபதுக்குத் தாவிவிடுவார்கள். இவள் எண்ணி முடிப்பதற்குள் ஒளிந்தவர்களுக்கே அலுத்துப்போய், ஒவ்வொருவராக வெளியே வந்து இவளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

‘விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அம்மாவின் கை அசைந்துகொண்டே’ — வேண்டாம். இதை எழுதாத ஆளே இல்லை.

‘வெளிநாட்டு மாணவர்கள், படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது, மீறினால் விசாவே போய்விடலாம்.’ விஷயம் இதுதான். ஆனால் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள், கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது: ‘ஒரு படுக்கை விரிப்பை ஒரே ஆளால் ஒழுங்காக மடிக்க முடியாது.’

இதிலிருந்தே போகலாம்.

3

கறார் வேலை பார்த்தது ஒரு சலவைக்கூடத்தில். மருத்துவமனைகளின் விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். வெந்நீரில் புரண்டு, உலர்ந்து, சூடு ஆறாமல் மேசைக்கு வந்து சேரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அப்படியே நாள் முழுக்க எதிரும் புதிருமாக நடை.

கறாருக்கு எதிரே நின்றவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள். இருவருக்கும் பொதுவாக முப்பது சொற்கள் இருந்தால் அதிகம். ஆனாலும் ஒருத்தி உதறும்போதே அடுத்தவளுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கை சொல்லிவிடும். (இவளுக்கு நான் மறுமுனை என்று பேர் வைத்திருக்கிறேன். கறார் இதைப் படித்துவிட்டு, “அக்கான்னு போடு சித்தி, மறுமுனைன்னா ஏதோ டெலிபோன் மாதிரி இருக்கு” என்றாள். நான் கேட்கவில்லை. என் அக்காவும் இந்தக் கதையில் வருகிறாள், இரண்டு அக்காவைச் சமாளிக்க என்னால் முடியாது.)

அறைக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கறார் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் ஏழு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கும். அன்றைக்கு எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதுவாள். முதல் கட்டம் ஞாயிறு, கடைசிக் கட்டம் சனி. நம் வீட்டுக் காலண்டரில் ஞாயிறுதானே முதலில் இருக்கிறது, சிவப்பாக? ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்றுதானே ஒப்பித்துப் பழகியிருக்கிறோம்? வாரம் வேறு எங்காவது தொடங்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

வழக்கமாக அவள் ஞாயிறு வேலைக்குப் போகிறவள் இல்லை. அதனால் அந்தத் தாள் ஒரு வருஷம் ஒரு சிக்கலும் இல்லாமல் தொங்கியது.

ஒரு ஞாயிறு காலையில் மேற்பார்வையாளர் போன் செய்தார். மறுமுனையோடு விடுமுறை நாளில் மடிக்கிற பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டாளாம். மறுமுனை மேசையில் தனியாக நிற்கிறாளாம், மதியம் வண்டி கிளம்பியாக வேண்டுமாம். கறார் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். முந்தின வாரம் சரியாக இருபது. இந்த வாரம் காலி. போனாள். நான்கு மணி நேரம் மடித்தாள். அதை ஈடுகட்ட அடுத்த ஆறு நாட்களில் பதினாறு மணி நேரம்தான் பார்த்தாள்.

(மற்ற மாணவர்களின் மணிக்கணக்கை மேற்பார்வையாளரே சரிபார்ப்பார். இவளுடையதை மட்டும் பார்ப்பதில்லை. இந்தப் பெண் தப்பவே மாட்டாள் என்று நம்பிக்கை. நல்ல பேர் எடுத்தால் இப்படியும் ஆகும்.)

4

இந்தப் பகுதியில் கறார் ஒன்றரைப் பக்கம் அழுதாள். எடுத்துவிட்டேன். எடுக்கக் காரணம் இந்த உரையாடல்:

“நான் எங்க சித்தி அழுதேன்? ரெண்டு முட்டையப் பொரிச்சுச் சாப்பிட்டேன்.”

“அதிர்ச்சியில அழுகை வரலையா?”

“பசிதான் வந்துச்சு.”

ஆக, நடந்தது இதுதான். ஐந்து மாதம் கழித்துப் படிப்பு முடிந்தது. தண்ணீரைச் சோதிக்கிற ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் படித்ததே அதற்குத்தான். அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க விசா கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்கச் சலவைக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கினாள். அதில் வாரவாரியாக அவள் வேலை பார்த்த நேரம் இருந்தது. எல்லா வரியிலும் இருபது அல்லது அதற்குக் கீழே. ஒரே ஒரு வரியில் இருபத்துநாலு, அதற்கு அடுத்த வரியில் பதினாறு.

தட்டச்சில் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: வாரம் என்பது திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும் ஏழு நாட்கள். அப்படியானால் அந்த ஞாயிறின் நாலு மணி நேரம் முந்தின வாரத்து இருபதோடு சேர்ந்துவிடும். இரண்டு முறை படித்த புத்தகம். வாரம் என்றால் என்ன என்று தெரியாதா என்று இரண்டு முறையும் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள்.

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி. அனுமதியின் நிபந்தனைகளை எப்போதாவது மீறியிருக்கிறீர்களா? பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை.

5

இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் மனசாட்சியைப் பற்றி இரண்டு பத்தி எழுத வேண்டும். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். நாலு மணி நேரம், அதுவும் ஐந்து மாதத்துக்கு முன்னால். கடிதத்தை வைக்காமல் ‘இல்லை’யில் குறி போட்டு அனுப்பச் சொன்னாள். கறார் பிடிகொடுக்கவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, நீ சொன்னால் கேட்பாள் என்றாள். நானும் சொன்னேன். “யாரு பாத்தா?” என்று கேட்டேன். மனிதர்களைப் புரிந்துகொண்டு எழுதுவதாகப் பேர் வாங்கிய நான், இந்த இரண்டு வார்த்தையைத்தான் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கறார் சொன்னாள்:

“இல்லன்னு போட்டா, அந்த ஞாயித்துக்கிழம நான் போகவே இல்லன்னு ஆயிடும் சித்தி. போனேனே. அந்த அக்கா தனியா நின்னுட்டிருந்தாங்க.”

6

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற அலுவலரைப் போய்ப் பார்த்தாள். (முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று. கறார் சம்மதிக்கவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்த ஒரு பூத்தொட்டியும், மூக்கு நுனியில் கண்ணாடியும், பொறுமையுமாக இருந்தாராம்.) கடிதத்தைப் படித்தார். எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தான் சொல்லக்கூடாது என்றார். மன்னித்துவிடவும் கூடும், மறுத்துவிடவும் கூடும், தன்னால் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது என்றார். அன்றைக்கு ஏன் போனாய் என்று கேட்டார். சொன்னாள். இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கட்டம் ரொம்பச் சின்னது. எழுதறதுக்கு எடம் வேணும்னா, தனித்தாள் வைக்கலாம்.”

அவர் தமிழில் பேசவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பேசியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார்.

அவள் எழுதியது முழுவதும் இதோ: ‘அந்த வாரம் இருபத்துநாலு மணி நேரம் வேலை பார்த்தேன். வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் என்று நினைத்தேன். விதியில் திங்கள் என்று இருக்கிறது, படித்தும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் பதினாறு மணி நேரம் பார்த்தேன்.’

வருத்தம், வேண்டுகோள், குடும்ப நிலைமை என்று நாலு வரி சேர்க்கலாமே என்று எனக்குக் கை துறுதுறுத்தது. எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பொய் மாதிரி ஒட்டாமல் நின்றது. முப்பது வருஷமாக எழுதுகிறேன், இப்படி நாலு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

7

‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிட்டாள். பதில் வர எட்டு வாரம் ஆகுமாம். அதுவரை பழைய விசாவின் விதிதான், அதே இருபது மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் இப்போது புதுத் தாள், முதல் கட்டம் திங்கள். நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். மறுமுனையிடம் முப்பது சொற்களில் விஷயத்தைச் சொல்ல ஒரு மத்தியானம் முழுக்க ஆனதாம். புரிந்ததும் மறுமுனை விரிப்பை மேசையில் போட்டுவிட்டுச் சுற்றி வந்து கட்டிக்கொண்டாளாம். அக்கா மட்டும் தினமும் இரண்டு வேளை போன் செய்து தபால் வந்ததா என்று கேட்கிறாள்.

எனக்குக் கதை முடிய வேண்டும். ஆகவே எட்டு வாரத்தை ஒரே வரியில் கடத்தி, விசாவைக் கொடுத்துவிட்டேன். ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு, முதல் குப்பித் தண்ணீர், எல்லாம் எழுதினேன். அனுப்பினேன். பதில் வந்தது: “ஆபீசர் எழுத வேண்டியத நீ எழுதாத சித்தி.”

சரி என்று மறுப்புக் கடிதம் ஒன்று எழுதப் பார்த்தேன். ‘வருத்தத்துடன்’ — அதற்கு மேல் கை ஓடவில்லை. அவள் எனக்கு மகள் முறை.

8

மூன்றாவது நிபந்தனை: அவள் கதையை நான் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் எழுதக்கூடாது. “அப்பத்தான் உனக்குப் புரியும்” என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாலும் கறார் கறார்தான். என் மேசையிலும் ஏழு கட்டத் தாள் ஒட்டியிருக்கிறேன். நேற்றோடு பத்தொன்பதரை.

இன்று ஞாயிறு. என் சுவர்க் காலண்டரின்படி புது வாரம் பிறந்துவிட்டது. இருபது மணி நேரமும் முழுசாக இருக்கிறது, நிதானமாக ஒரு முடிவு எழுதலாம். யாரு பாத்தா?

இல்லை. இது திங்கட்கிழமை தொடங்கிய வாரம். எனக்கு அரை மணிதான் இருந்தது, அதிலும் இருபத்தெட்டு நிமிஷம் இந்தப் பக்கத்திலேயே போய்விட்டது. உங்களிடம் நேரம் மிச்சமிருக்கும். கடிதம் வருகிறது, பிரிக்கிறாள், அங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். அவளை அழ வைக்காதீர்கள், சண்டைக்கு வருவாள். உள்ளே எந்தப் பதிலை வைத்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தனியாக, விரிப்பின் இரண்டு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி